ஒருத்தர் செய்த பாவங்கள்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லத்தான் நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்து ஹாலில் மாதாந்தரப் பெற்றோர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. என் தலைக்கு நேர் மேலே ஓடிய விசிறி, இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நான் பாடுபட்டு இழுத்து வாரி வைத்திருந்த முடியைத் தூக்கித் தூக்கி என் சொட்டையைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. நான் கையைத் தூக்கிய நேரமும் தலைமைச் சிஸ்டர் ஒரு கேள்வியைக் கேட்டு முடித்த நேரமும் ஒன்றாகிவிட்டன. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை, குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் முதல் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயார்செய்ய, பெற்றோரில் யார் முன்வருகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

ஹாலே கைதட்டியது. தப்பித்தவர்களின் கைதட்டல் அது, கேட்டாலே தெரியும்.

"இல்ல சிஸ்டர், நான் விசிறியைத்தான்..." என்று இழுத்தேன்.

"ஆண்டவர் எந்த வழியிலயும் கூப்பிடுவார் சார்" என்றார் சிஸ்டர். விசிறி அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் மூன்றாம் வகுப்பு. ஆள் சிறியவள், பேச்சு காரம் என்பதால் வீட்டில் அவளுக்கு மிளகு என்று பெயர். வீட்டில் நாலாவதாக என் மாமனார் இருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில்தான் ஓய்வு, வாய்க்கு இல்லை. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன பஸ்ஸை, தான் டிக்கெட் பையைக் கழுத்தில் போட்டபடியே கீழே குதித்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்திய கதையை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் இறக்கம் கொஞ்சம் செங்குத்தாகும். கல் கொஞ்சம் பெரிதாகும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் கோவிலை ஒட்டியே இருக்கிறது. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் சிமெண்ட் முற்றம், ஒரு மரம், வரிசையாகத் தண்ணீர்க் குழாய்கள். வாசலில் ஒரு கரும்பலகையில் அந்த மாதத்து வேலைகளை எழுதிப்போடுவார்கள். முதல் வெள்ளிக்கிழமை பூசை, அந்த மாதம் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே கேக், பெற்றோர் வந்து வகுப்பறை கழுவும் சனிக்கிழமை, நோயாளிகளைப் பார்க்கப் போகும் நாள், கடைசியில் பெற்றோர் கூட்டம். பிறகு பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. இதில் நான் அதுவரை செய்த சேவை ஒன்றே ஒன்று. வகுப்பறை கழுவப் போய், சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து, என்னைத் தூக்கிவிட வந்த பேக்கரிக்காரரையும் சேர்த்து விழ வைத்தேன். அதற்குப் பிறகு கழுவும் சனிக்கிழமைகளில் எனக்கு ஜன்னல் கம்பி மட்டும்தான் தருவார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு வகுப்பே கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. கூட்டத்தில் அப்படித் தயங்கியவன், வீட்டுக்குப் போகும் வழியிலேயே புதுச்சட்டை ஒன்று வாங்கினேன். மாமனார் விவரம் கேட்டுவிட்டு, "சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்றதுன்னா கதையாச் சொல்லணும் மாப்ளே. நான் வேணா ஒரு நாள் வந்து..." என்றார். அதற்கெல்லாம் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும் மாமா என்று சொல்லி அவரை அடக்கினேன். என் மேடையில் இன்னொருவர் ஏறுவதா?

முதல் நாள் வகுப்பில், பாவம் என்றால் என்ன, செய்த பாவத்துக்கு வருந்துகிற மனஸ்தாபம் என்றால் என்ன, குருவானவரிடம் எப்படி முழங்கால்படியிட்டு ஆரம்பிக்க வேண்டும் என்றெல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னேன். சுவரில் ஒட்டியிருந்த காய்கறிப் படங்களைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். சரி, உங்கள் பாவங்களை மனதில் நினைத்துப் பாருங்கள் என்றதும்தான் வகுப்புக்கு உயிர் வந்தது. ஆனால் வேறு மாதிரியான உயிர். ஒரு பெண்பிள்ளை, தனக்குப் பாவமே இல்லை, அதனால் பாவசங்கீர்த்தனத்துக்குப் பிறகு பூசையில் முதல்முறையாகத் தரும் அப்பமான புதுநன்மை கிடைக்காமல் போய்விடுமோ என்று அழ ஆரம்பித்தாள். எறும்புகளைக் கொன்றிருப்பதாக ஒருவன் பெருமையோடு எழுந்து நின்றான். நாங்கள் ரேடியோ என்று கூப்பிடும் பையன் ஒருவன் உண்டு, அவனுக்கு நிறுத்தும் பொத்தான் கிடையாது. "அங்கிள், பெரியவங்க என்ன பாவம் செய்வாங்க?" என்று அவன் கேட்டான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது சும்மா கத்திக் கெட்டது. நான் உதாரணம் சொல்லிக் கெட்டேன்.

"ஒருத்தர் இருந்தார்" என்று ஆரம்பித்தேன்.

அந்த ஒருத்தர் ஒரு கடை வைத்திருந்தார். அவரிடம் ஒரு அம்மாள் கண்ணாடி வாங்க வந்தாள். அவள் எடுத்த பிரேம் அவளை ஆந்தைபோலக் காட்டியது. ஆனாலும் ஒருத்தர், "உங்க முகத்துக்குன்னே செஞ்சதுபோல இருக்கு மேடம்" என்றார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அழுதுகொண்டிருந்த பெண் அழுகையை நிறுத்தி, அந்த அம்மாளுக்கு அது எப்போது தெரியவந்தது என்று கேட்டாள். என் வாழ்க்கையில் என் பேச்சுக்கு இப்படி ஒரு கூட்டம் வாய் பிளந்து உட்கார்ந்தது இல்லை. கடையில் வாடிக்கையாளர் பேசுவார்கள், வீட்டில் மாமனார் பேசுவார்.

அடுத்த வாரம் நான் உள்ளே நுழையும்போதே, "அங்கிள், ஒருத்தர்!" என்று குரல்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் தொடங்கியதும், வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு முகத்தைக் கவலையாக ஆக்கிக்கொண்டு வெளியே போய், எதிர்ச்சாரியில் டீ குடித்துவிட்டு, காணிக்கைப் பாட்டுக்குச் சரியாகத் திரும்பி வருவதைச் சொன்னேன். முகத்தைக் கவலையாக்குவது எப்படி என்று நடித்தும் காட்டினேன். பிள்ளைகள் எல்லோரும் செய்து பார்த்தார்கள்.

அதற்கடுத்த வாரம் சரக்குத் தீர்ந்துவிட்டது. ஆனால் ரசிகர்களைக் கைவிட முடியுமா? வீட்டில் மாமனார் சொல்லும் பழங்கதைக்குப் பயந்து, ஆளே வராத கடையில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒருத்தர் தனியாக உட்கார்ந்திருப்பதையும், வீட்டுக்குப் போய் "இன்னைக்குச் சரியான கூட்டம்" என்று பெருமூச்சு விடுவதையும் எடுத்துவிட்டேன். அந்த மாமனாரின் கதை என்ன என்று ரேடியோ கேட்டான். பிரேக்கும் இறக்கமும் கல்லும் என் வாயிலிருந்து தானாக வந்தன. அத்தனை முறை கேட்டிருக்கிறேன், கைகால் அசைவு உட்பட எனக்கு மனப்பாடம். வகுப்பு முடிந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். மிளகு மட்டும் தட்டவில்லை.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அவள் எனக்கு முன்னால் போனாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்றாள்.

"அப்பா, அந்த ஒருத்தர் யாரு?"

"சும்மா ஒரு ஆள்டா. கற்பனை."

"அவருக்கும் கண்ணாடிக் கடையா?"

"வேற ஊர்ல."

"சரிப்பா. நீங்களும் பாவசங்கீர்த்தனம் செய்வீங்கல்ல?" என்று கேட்டுவிட்டு மறுபடி முன்னால் நடந்தாள். தாயின் மகள்.

முதல் பாவசங்கீர்த்தனம் ஒரு சனிக்கிழமைக் காலையில் நடந்தது. பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்கள். என் மனைவி இரவு வேலை முடிந்து சீருடையோடு நேரே கோவிலுக்கு வந்துவிட்டாள். மாமனார் தலைக்கு எண்ணெய் தடவி, சட்டையில் மடிப்புக் கலையாமல், பேத்தியைவிட முக்கியமான ஆள்போல வந்திருந்தார். பிள்ளைகள் பாவம் தீர்ந்து வெளியே வந்ததும் பிஸ்கட்டும் ஜூஸும் கொடுப்பதற்குச் சிஸ்டர் ஆள் தேடியபோது அவர் தானாகவே தட்டை வாங்கிக்கொண்டு முற்றத்து மரத்தடிக்குப் போனார். ஓடுகிற பஸ்ஸில் கூட்டத்துக்குள் புகுந்து புறப்பட்டவருக்குப் பிஸ்கட் கொடுப்பது பெரிய வேலையா?

நான் கோவிலுக்குள் வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பீடத்துக்கு இடப்புறம் மூலையில், மறைப்புத் திரைக்குப் பின்னால் எங்கள் கோவில் குருவானவரான ஃபாதர் உட்கார்ந்திருந்தார். வயதானவர், யாரோடும் அதிகம் பேசாதவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே அனுப்பினேன். நாலைந்து பேர் போய் வந்ததும் திரை கொஞ்சம் அசைந்தது. ஃபாதர் எழுந்து வந்து, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார், தண்ணீர் குடித்தார், என்னை ஏறிட்டுப் பார்க்காமலே திரும்பிப் போனார். இன்னும் சில பிள்ளைகள் போனபின் திரைக்குப் பின்னால் நீண்ட இருமல் கேட்டது.

நான் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் மனஸ்தாபத்தைப் பார்த்து மனுஷன் உருகிப்போய்விட்டார் என்று நினைத்தேன். இத்தனை வருடத்தில் இப்படித் தயார்செய்த பிள்ளைகளை அவர் கண்டிருக்க மாட்டார் என்று நினைத்தேன். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் என்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்போது எந்தப் பக்கம் பார்த்துத் தலைகுனிவது என்றுகூட யோசித்துவைத்தேன்.

கடைசிப் பிள்ளை உள்ளே போனதும் புதுச்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். மரத்தடியில் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் பெற்றோர். தலைமைச் சிஸ்டர். என் மனைவி கையில் ஜூஸ் டம்ளரோடு நின்றாள்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிர் போனாலும் வெளியே சொல்லக்கூடாது. இதை நான் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருந்தேன். சொன்னவர்களும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது என்பதைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டேன்.

"நான் பூசையில பொய்யா போன் பேசிட்டு டீ குடிக்கப் போனேன்னு சொன்னேன்" என்றாள், தனக்குப் பாவமே இல்லை என்று அழுத பெண். அவளிடம் போன் கிடையாது. டீ குடிக்க அவள் அம்மா விடமாட்டாள்.

"நானும் அதான் சொன்னேன்."

"நான் ஆந்தை மேடம்."

ரேடியோ வாயில் பிஸ்கட்டோடு எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். மாமனார் கதைக்குப் பயந்து கடையிலேயே உட்கார்ந்திருந்ததைத்தான் தான் சொன்னதாகவும், இருப்பதிலேயே பெரிய பாவம் அதுதான் என்று தனக்குத் தோன்றியதாகவும் அறிவித்தான்.

பிஸ்கட் தட்டைப் பிடித்திருந்தவர் சிரித்துவிட்டார். "உனக்கு ஏதுடா மாமனார்?"

"எனக்கு இல்ல தாத்தா. ஒருத்தருக்கு. அங்கிள் சொன்னாங்க."

"பாவம், அவருக்கு அப்படி என்ன கதை சொன்னாராம் மாமனார்?"

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னேறப் பார்த்தேன். பேக்கரிக்காரர் வழியில் நின்றார். பழைய பகையோ என்னவோ, நகரவில்லை.

"பஸ் கதை" என்றான் ரேடியோ. "பிரேக் பிடிக்கலையாம். அவர் குதிச்சுக் கல்லு வெச்சாராம். தினமும் அதையே சொல்வாராம். கல்லு மட்டும் வளர்ந்துகிட்டே வருமாம்."

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அந்த முற்றத்தில் நின்ற பெரியவர்களில் பாதிப்பேருக்காவது என் மாமனார் அந்தக் கதையைச் சொல்லியிருந்தார். மற்ற பாதிப்பேர் என்னிடம் கண்ணாடி வாங்கியவர்கள். ஒரு அம்மாள் மெதுவாகத் தன் கண்ணாடியைக் கழற்றி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மாமனார் தட்டைப் பெஞ்சில் வைத்தார். மேலே கிடந்த ஒரு பிஸ்கட் கீழே விழப்போனதைப் பிடித்து உள்ளே தள்ளி வைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல் கோவிலுக்குள் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் நடந்து போனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

என் மனைவி என் பக்கத்தில் வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அம்மா போனதுக்கப்புறம் அவர் மனசு விட்டுப் பேசற ஒரே ஆள் நீங்கதாங்க" என்றாள். அவ்வளவுதான். ஜூஸ் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு மிளகைத் தேடிப் போனாள்.

மனுஷனாக இருந்தால் நான் நேரே மாமனாரிடம் போயிருக்க வேண்டும். போகத்தான் கோவிலுக்குள் நுழைந்தேன். அவர் நடு வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் முதுகைப் பார்த்ததும் கால் தானாக இடப்பக்கம் திரும்பிவிட்டது. அங்கே திரைக்குப் பின்னால் ஃபாதர் இன்னும் இருந்தார், பெற்றோர் யாராவது வரலாம் என்று. மாமனாரிடம் மன்னிப்புக் கேட்பதைவிடக் கடவுளிடம் கேட்பது சுலபம். அவர் பதில் பேசமாட்டார்.

முழங்கால்படியிட்டேன். கண்ணாடிப் பொய்யைச் சொன்னேன். டீயைச் சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் மூச்சு ஒருமாதிரி வந்தது. பெரியவரைத் தவிர்ப்பதற்காகக் கடையில் உட்கார்ந்ததையும், அதைப் பிள்ளைகள் நடுவில் விற்றுக் கைதட்டல் வாங்கியதையும் சொன்னபோது அந்த மூச்சும் நின்றுவிட்டது. முன்பு கேட்டதையெல்லாம் அவர் கேளாததுபோல இருந்தாக வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே பாவங்களை ஒரு வகுப்பு முழுக்கச் சொல்லக் கேட்டவர் முன்னால், கடைசியில் அந்தப் பாவங்களுக்குச் சொந்தக்காரனே வந்து நிற்கிறான். பாவம், அவர் என்னதான் செய்வார்?

"அபராதமா மூணு அருள்நிறை மந்திரம் சொல்லுங்க" என்றார் கடைசியில். குரல் கரகரத்தது. "அப்புறம் அந்தப் பெரியவர் பக்கத்துல போயி உக்காந்து, அவர் சொல்ற கதைய முழுசாக் கேளுங்க. நடுவுல கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது."

மந்திரத்தை முடித்துக்கொண்டு மாமனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்த பிரேக் கதைய இன்னொருதரம் சொல்லுங்க" என்றேன்.

"எதுக்கு? அதான் உங்களுக்கு மனப்பாடமாமே."

"தப்புதான் மாமா."

அவர் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு, கோவில் என்பதால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பிரேக் பிடிச்சுது மாப்ளே" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு பிரேக் பிடிச்சுது. டிரைவர் நிறுத்திட்டான். நான் இறங்கி ஒரு பாதுகாப்புக்குக் கல்லு வெச்சேன், அவ்வளவுதான். சின்னக் கல்லு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை வருடமாக நான் பயந்து ஓடி, ஆளில்லாத கடையில் கொசுக்கடியில் உட்கார்ந்தது ஒரு நடக்காத கதைக்காகவா? பிறகு அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அழுகிறார் என்று பயந்து போய் முகத்தைப் பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. கோவிலுக்குள் சத்தம் வராமல் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது, திரைக்குப் பின்னால் அன்று முழுக்க ஃபாதர் பட்ட பாட்டை நினைத்தபோது புரிந்தது.

"புதுசா சொல்ல எனக்கு என்ன இருக்கு?" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வீட்டுல சுவரைப் பார்த்துட்டு உக்காந்தா கதை எங்கேருந்து வரும்? கடையில கூட்டமே இல்லன்னா எனக்கும் ஒரு நாற்காலி போடலாம்ல?"

அபராதம் என்றால் அபராதம். திங்கட்கிழமையே நாற்காலி போட்டேன்.

முதல் வாரம் என் பிழைப்பில் மண் விழுந்தது. யார் எந்த பிரேமை மாட்டிப் பார்த்தாலும் மாமனார் நாற்காலியிலிருந்தே, "வேணாம்மா, மூக்கு முழுங்கிடுது" என்று தீர்ப்புச் சொன்னார். கோவில் முற்றத்தில் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்த அம்மாள் சண்டைக்கு வந்தாள். அவளை உட்கார வைத்து, கடையிலிருந்த பிரேம் அத்தனையையும் மாட்டிக் கழற்றி, அவளுக்கே சிரிப்பு வருகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு விமர்சனம் சொல்லி, கடைசியில் ஒன்றைத் தேர்ந்து கொடுத்தார். உண்மையாகவே நன்றாக இருந்தது. அவள் தன் தங்கையைக் கூட்டிவந்தாள். இப்போது கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்து, "பெரியவர் இல்லையா?" என்று கேட்கிறார்கள். நான் லென்ஸ் துடைத்துக் கொடுக்கிறேன். சாயங்காலம் கடை சாத்தும்போது, "இன்னைக்குச் சரியான கூட்டம்ல?" என்பார். அதில் குத்தல் உண்டா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

மிளகு என்ன பாவம் சொன்னாள் என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டுப்பார்த்தேன். அவளாவது சொந்தமாக ஏதாவது சொன்னாளா என்று ஒரு ஆசை. "அது எனக்கும் சாமிக்கும்பா" என்று சொல்லிவிட்டு வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் நடத்திய வகுப்பில் பாடம் புரிந்தவள் ஒருத்தி இருந்திருக்கிறாள். நான் சொல்லிக்கொடுக்காததைத்தான் புரிந்துகொண்டிருந்தாள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தலைமைச் சிஸ்டர் என்னைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். சாரின் ஆர்வத்துக்கு நன்றி, இனிமேல் அவருக்கு அதிகச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்பதுதான் அந்த நாலு வார்த்தை. ஃபாதர் முன்வரிசையில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் சின்ன வகுப்புகளுக்குக் கதை சொல்ல யாராவது வேண்டுமே என்று சிஸ்டர் கேட்டு முடிக்கும் முன்பே என் மாமனார் எழுந்து நின்றுவிட்டார். பெற்றோர் கைதட்டினார்கள். இந்த முறை கேட்கவே நன்றாக இருந்தது.

இப்போது சனிக்கிழமை காலை அவர் மரத்தடியில் பிள்ளைகளுக்குப் புதுக்கதை சொல்கிறார். ஒரு கண்ணாடிக் கடையில் நடக்கிற கதையாம், மருமகன் ஒருவன் வருகிறானாம், வாரத்துக்கு வாரம் அவன் தலைமுடி குறைந்துகொண்டே போகிறதாம். நான் ஹாலிலிருந்து நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து போடுகிறேன். சிரிப்பு பலமாகக் கேட்டால் அன்றைக்கு எனக்கு வழுக்கை என்று அர்த்தம்.